முள் பூச்சியத்தில் நிற்கட்டும்

2019ஆம் ஆண்டு பெப்ரவரியில், தோட்டத் தொழிலாளரின் புதிய கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சில நாட்களே கழிந்திருந்த ஒரு காலைப்பொழுதில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்குச் சலாகை வரைபு கற்பித்துக்கொண்டிருந்த நான், பாடப்புத்தகத்திலிருந்த கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்களுடைய தாய்மாரின் நாட்சம்பளத்தையே கணக்காகக் கொடுத்தேன். 100 ரூபாவுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று அளவு வகுத்து, வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முதற் பகுதியார் அடிப்படைச் சம்பளத்தை வரைய வேண்டும். அது முன்பு 500 ரூபா, புதிய ஒப்பந்தத்தில் 700 ரூபா. மறு பகுதியார் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்த மொத்தத்தை வரைய வேண்டும். அது முன்பு 730 ரூபா, இப்போது 750 ரூபா. பிள்ளைகள் சிரத்தையோடு வரைந்து, வர்ணம் தீட்டி, சுவரில் ஒட்டினார்கள். முதற் பகுதியாரின் தாளில் இரண்டாவது சலாகை முதலாவதைக் காட்டிலும் இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்து நிமிர்ந்து நின்றது. மற்றவர்களின் தாளிலோ வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றர்தான். பென்சில் முனையின் பருமனைக் கழித்துப் பார்த்தால் அதுவும் சந்தேகம்.

அந்த வாரத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், கொழுந்துக் கறை ஏறிய விரலைத் தாளில் படாமல் சற்றே விலக்கிப் பிடித்தபடி, அந்த இரண்டு படங்களையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "சேர், இந்த ரெண்டுல எது எங்க சம்பளம்?" என்று கேட்டார். இரண்டும் உங்கள் சம்பளந்தான், இரண்டும் உண்மைதான் என்று நான் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையசைத்தாரேயன்றி, அந்தப் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் அது திருப்தி தரவில்லை. ஒரே ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஒருவர் 40 சதவீத உயர்வைக் காட்டலாம், மற்றொருவர் 3 சதவீதத்துக்கும் குறைந்த உயர்வைக் காட்டலாம், இருவரும் ஓர் இலக்கத்தையேனும் திரிக்கவில்லை என்று மார்தட்டலாம் என்றால், இலக்கங்கள் சரியாக இருப்பதொன்றே போதாது என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவாயிற்று.

நடந்தது இதுதான். 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா; அதன்மேல் வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30; ஆக 730. 2019இல் அடிப்படை 700 ஆக உயர்ந்தபோது வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீக்கப்பட்டு, விலைப் பங்கு மட்டும் 50 ஆக்கப்பட்டது. அடிப்படை உயர்ந்ததில் நன்மை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் கொள்வோர் செலுத்தும் 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 சதவீதமும் அதையொட்டியே பெருகும். ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வரும் காசு முன்போலவேதான் இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே காட்டத்தக்க வரைபு ஒன்று உண்டு: ஒவ்வொரு சலாகையையும் அடுக்குகளாகப் பிரித்து, அடிப்படையைக் கீழே ஒரு வர்ணத்திலும் கொடுப்பனவுகளை அதன்மேல் வேறு வர்ணங்களிலும் அடுக்குவது. கீழடுக்கு உயர்வதும், மேலடுக்குகள் தேய்வதும், மொத்த உயரம் அசையாமல் நிற்பதும் அப்போது ஒரே பார்வையில் பிரத்தியட்சமாகும். மறுநாள் வகுப்பில் அதையே வரைவித்தேன். அந்தத் தாய் மறுபடி வந்து பார்த்தாரோ என்னவோ, தெரியாது.

இத்தனை காலம் கழித்து இதை எழுதத் தூண்டியது, தோட்டங்களுக்குள்ளும் தோட்டங்களைப் பற்றியும் அண்மைக் காலத்தில் பெருகிவரும் 'டேஷ்போர்ட்' எனப்படும் அறிக்கைப் பலகைகள். கொழுந்து மடுவத்தில் தொங்கிய பழைய முள் தராசின் ஸ்தானத்தில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த செக்ரோல் புத்தகம் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பொகவந்தலாவையில் காலையில் நிறுத்த கொழுந்தின் கணக்கைக் கொழும்பிலுள்ள ஒரு மேசையிலிருந்து நடுப்பகலுக்கு முன்னரே திரையில் வர்ணப் படமாகப் பார்க்கலாம். இது நல்ல காரியம். நான் இதை எதிர்ப்பவனல்லன். ஆனால் அந்தத் திரையைப் பார்த்துத்தான் மலை மூடுவதும், ஆள் குறைப்பதும், சம்பளத்தைப் பற்றி வாதிடுவதும், திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதும் தீர்மானமாகின்றன. ஆகவே எந்த இலக்கத்தை எந்த இலக்கத்தின் அருகில் வைப்பது, எவ்வகை வரைபில் வைப்பது, அச்சை எங்கே தொடங்குவது என்பன அழகுக்காகச் செய்யும் அலங்காரங்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. அவை நியாயத்தைப் பற்றிய தீர்மானங்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சலாகை வரைபுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபெயர் 1786இல் வெளியிட்ட வர்த்தக வரைபடப் புத்தகத்தில், ஏனைய தேசங்களின் வியாபாரத்தை ஆண்டுதோறும் ஓடும் கோடுகளாக வரைந்தவர், ஸ்கொட்லாந்துக்கு மட்டும் ஓர் ஆண்டின் கணக்கே கையில் இருந்தமையால், கோடிழுக்க வழியின்றி, பதினேழு இடங்களோடு நடந்த வியாபாரத்தைப் பதினேழு சோடிச் சலாகைகளாக வரைந்தார். இல்லாத ஆண்டுகளை ஊகித்து ஒரு கோட்டை இழுத்துவிடாமல், இருந்த இலக்கத்துக்கு ஏற்ற வடிவத்தைத் தேடிய அந்த நேர்மையிலிருந்தே சலாகை வரைபு பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. வட்ட வரைபும் 1801இல் அவர் தந்ததே. அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளின் பின், 1984இல், வில்லியம் கிளீவ்லண்ட், ரொபர்ட் மெக்கில் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் இருவர் மனிதர்களை வைத்தே பரீட்சை செய்து, ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் அளவுகளை ஒப்பிடுவதில் நம் கண் மிகக் குறைவாகவே தவறுகிறது, கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் மிகுதியாகத் தவறுகிறது என்று காட்டினார்கள். இரண்டு தோட்டங்களின் விளைச்சலை இரண்டு வட்டங்களாகத் திரையில் போட்டுவிட்டு 'ஒப்பிட்டுப் பாருங்கள்' என்பது, பார்ப்பவரின் கண்ணுக்கு இயலாத வேலையை அதன் தலையில் கட்டுவதாகும்.

இந்த ஒரே அடிக்கோடு என்ற விஷயத்தைத் தோட்டத்துப் பெண்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மடுவத்தில் கூடையையோ படங்கையோ தராசில் மாட்டுவதற்கு முன், முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்றுதான் அவர்களுடைய கண் முதலில் போகும். முள் பூச்சியத்துக்குக் கீழே கிடந்தால், கொழுதியது பதினாறு கிலோவாக இருக்க, எழுதப்படுவது பதினைந்தாகிவிடும். கூடைக்கும் ஈரத்துக்குமென்று வெட்டுகிற கிலோ அதற்குமேல். மூன்று தலைமுறையாக அவர்கள் இதைக் கவனித்தும் கேட்டும் சண்டை பிடித்தும் வந்திருக்கிறார்கள். சலாகை வரைபின் அச்சு பூச்சியத்தில் தொடங்காதிருப்பது இதே கோளாறுதான். ஓர் உதாரணம் காட்டுகிறேன். இரசாயன உரத்துக்கு விதித்த தடைக்குப்பின் இலங்கையின் தேயிலை உற்பத்தி 2021இல் இருந்த சுமார் 299 மில்லியன் கிலோவிலிருந்து 2022இல் சுமார் 251 மில்லியனாக விழுந்தது. 2023இல் சுமார் 256 மில்லியன். இந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளையும் 250இல் தொடங்கும் அச்சில் வரைந்தால், 2022இன் சலாகை ஒரு பங்கு உயரமும் 2023இன் சலாகை ஆறு பங்கு உயரமுமாக நின்று, தேயிலை ஆறு மடங்கு செழித்துவிட்டதென்ற தோற்றத்தைக் கொடுக்கும். பூச்சியத்திலிருந்து வரைந்தால் 2 சதவீத அசைவு அதன் உண்மையான சிறுமையோடு தெரியும். பக்கத்தில் 2021ஐயும் நிறுத்தினால், இழந்ததில் எவ்வளவு சொற்பமே மீண்டது என்பதும் தெரியும். கணினி மென்பொருள்கள் சில, இடத்தை மிச்சம் பிடிக்கத் தாமாகவே அச்சை வெட்டிவிடுகின்றன. வெட்டாதே என்று அவற்றுக்குச் சொல்லும் ஒரு சிறு கட்டளையை அறிந்து இடுவது வரைபவரின் கடமை.

காலப்போக்கில் ஒரு சம்பளம் எப்படி மாறியது என்று காட்டுவதற்குச் சலாகையைவிடக் கோடு உகந்தது என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லும், அது சரியே. ஆயினும் எல்லாக் கோடும் பொருந்தாது. தோட்டச் சம்பளம் ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போதோ வர்த்தமானி வெளியாகும்போதோ மட்டுமே அசைகிறது. இடையில் ஆண்டுக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2021 மார்ச்சில் வந்த 1000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1350 ஆகும் வரை, மூன்றரை ஆண்டு அசையவில்லை. அந்த மூன்றரை ஆண்டின் நடுவில்தான், 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. 1000, 1350 என்ற இந்த இரண்டு சம்பளப் புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டால் இணைத்துவிட்டால், சம்பளம் மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருந்தது போன்ற ஒரு பொய்யை அந்தக் கோடு சொல்லும். ஆகையால் இங்கே வரைய வேண்டியது படிக்கட்டு வரைபு. நீண்ட சமதளம், பிறகு ஓர் ஏற்றம், மறுபடியும் நீண்ட சமதளம். அந்தச் சமதளத்தின் நீளந்தான் லயத்து அடுப்பங்கரையில் அனுபவித்த துன்பத்தின் நீளம்.

இன்னொன்று உண்டு, இதை நானே ஒரு மாலையில் தாளில் கணக்கிட்டுப் பார்த்துத் திகைத்தேன். 2013 ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளத்தின் மொத்தம் 620 ரூபா. அன்றைய மாற்று வீதத்தில் அது சுமார் 4.9 டொலர். 2016இன் 730 ரூபா சுமார் 5 டொலர். 2019இன் 750 ரூபா 4 டொலரை ஒட்டியது. 2021இன் 1000 ரூபா மறுபடி 5 டொலர். 2022இல் ரூபா சரிந்து டொலர் 360 ரூபாவானபோது அதே 1000 ரூபா 2.8 டொலருக்குத் தாழ்ந்தது. 2024இன் 1350 ரூபா 4.5 டொலர். ரூபாவில் வரைந்தால் சிவனொளிபாத மலைப் படிகளைப் போல மேலே மேலே ஏறும் ஒரு கோடு, டொலரில் வரைந்தால் தரையோடு தரையாகக் கிடந்து, நடுவில் ஒருமுறை பள்ளத்தில் விழுந்து எழும்புகிறது. தொழிலாளி டொலரில் அரிசி வாங்குவதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அவர் ரொட்டி சுடும் கோதுமை மாவின் கோதுமையும், பருப்பும், பிள்ளைக்கு வாங்கும் மருந்தில் பெரும்பகுதியும் கடல் கடந்து டொலரில்தான் வருகின்றன. அவர் கொய்த தேயிலையும் ஏற்றுமதியில் டொலருக்குத்தான் விற்கப்படுகிறது. சரியான ஒப்பீட்டுக்கு விலைச்சுட்டியால் வகுத்துப் பார்ப்பதே உத்தமம். டொலர்க் கணக்கு அதற்கு ஒரு தோராயமான பதிலி என்றே இங்கு கொள்கிறேன்.

ரூபாக் கோட்டையும் டொலர்க் கோட்டையும் ஒரே படத்தில், இடப்பக்கம் ஓர் அச்சும் வலப்பக்கம் வேறோர் அச்சுமாக வைத்து வரைவது இப்போது மிகுந்த வழக்கமாகியிருக்கிறது. அது கூடாது. இரண்டு அச்சுகளின் அளவையும் வரைபவர் விருப்பம்போல் நீட்டலாம், குறுக்கலாம். ஆகவே இரண்டு கோடுகள் எங்கே வெட்டுகின்றன, எது எதை முந்துகிறது என்பதெல்லாம் அவர் கையிலேயே இருக்கிறது, பார்ப்பவரோ அதை உலகத்தின் இயல்பென்று நம்பிவிடுகிறார். இதற்கு மாற்று எளிது. 2013ஐ இரண்டுக்கும் 100 என்று வைத்துக்கொண்டால், 2024இல் ரூபாச் சம்பளம் 218. டொலர்ச் சம்பளம் 92. ஒரே அடிக்கோடு, ஒரே அளவு, இரண்டு கோடுகள். பதினொரு ஆண்டின் கதையை இதைவிடச் சுருக்கமாக எந்த மேடைப் பேச்சும் சொல்லியதாக எனக்கு ஞாபகமில்லை. கம்பனிகள் இதற்கு மறுமொழி கூற விரும்பினால், கொழும்பு ஏலத்தின் சராசரி விலையையும் உற்பத்திச் செலவையும் அதே 100இலிருந்து தொடங்கி அருகில் வரையட்டும். அதையும் பார்க்க வேண்டியவர்கள்தான் நாம்.

இனிச் சராசரி என்ற சொல்லுக்கு வருகிறேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாக வகுத்துக் கணக்கெடுக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் அங்கேயே வசிக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமலும் உள்ள பெருந்தோட்டமே அதன் கணக்கில் தோட்டம். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி வறுமை, நாடு முழுவதற்கும் 14.3 சதவீதம்; நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. நாட்டின் சராசரியும் கிராமத்தின் இலக்கமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். தோட்டத்துறை மக்கள் நாட்டின் சனத்தொகையில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. ஆகையால் அவர்களில் மூவரில் ஒருவர் வறுமையில் கிடந்தாலும், தேசியச் சராசரி என்னும் பெரிய பாத்திரத்தில் அந்தத் துயரம் ஒரு துளியாகக் கரைந்துபோகிறது. கொழும்பில் ஒரு திரையில் 14.3 என்ற ஒற்றை இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு பச்சை அம்பையும் வைத்தால், பார்க்கும் உத்தியோகத்தருக்கு நானுஓயாவுக்கு அப்பால் இப்படி ஓர் இலக்கம் இருப்பதாகத் தோன்றவே நியாயமில்லை. மூன்று துறைகளையும் மூன்று சலாகைகளாக, பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தி, தேசியச் சராசரியை அவற்றின் குறுக்கே ஒரு மெல்லிய கோடாக மட்டும் இழுப்பதே நேர்மையான முறை. நீளும் சலாகையை முதலில் பார்க்கும் கண், கோட்டைத் தாண்டி அது எவ்வளவு தூரம் போகிறதென்று தானே அளந்துகொள்ளும்.

இங்கே இன்னுமோர் எச்சரிக்கை. 2016ஆம் ஆண்டின் அறிக்கையில் தோட்ட வறுமை 8.8 சதவீதம் என்றும் தேசிய வறுமை 4.1 என்றும் இருக்கும். அந்த 8.8ஐயும் 2019இன் 33.8ஐயும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டு, மூன்றே ஆண்டில் வறுமை நான்கு மடங்கானதாக யாரேனும் எழுதினால் அது பிழை. இடையில் வறுமைக் கோட்டையே திணைக்களம் புதிய அடிப்படையில் மாற்றியது. அளவுகோல் மாறிய இடத்தில் கோடு முறிய வேண்டும்; முறிந்த இடத்தில் ஏன் முறிந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். நம்முடைய துன்பத்தை எடுத்துக்காட்ட உதவுகிறதே என்று பிழையான கோட்டை நாம் உபயோகித்தால், நாளைக்குச் சரியான கோட்டைக் காட்டும்போதும் நம்மை நம்பமாட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே வகை வரைபு பொருந்தும் என்பதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். இதைத் திட்டமிடும் உத்தியோகத்தருக்குச் சலாகையாகக் காட்டலாம். பிள்ளைக் காம்பராவின் சுவரில் தாய்மாருக்குக் காட்டுவதானால், பத்துச் சின்னஞ்சிறு பிள்ளை உருவங்களை வரைந்து மூன்றை மட்டும் நிறம் மாற்றும் பட வரைபே சிறந்தது. வியன்னாவில் 1920களில் ஒட்டோ நொய்ராத் என்ற அறிஞர், தொழிலாளர்கள் தங்கள் நகரத்தின் கணக்கைத் தாங்களே வாசித்தறிய வேண்டும் என்ற நோக்கத்தோடு இம்முறையை வளர்த்தார். அளவு பெருகும்போது உருவத்தைப் பெரிதாக்காதீர்கள், உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்பது அவருடைய விதி. ஊதிப் பெருத்த ஒற்றைத் தேயிலைப் பொதியைப் போட்டு ஏற்றுமதியைக் காட்டும் படங்களைக் காணும்போதெல்லாம் அந்த விதியை நான் நினைத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை வருத்துவது 'நோர்ம்' பலகை. ஒரு நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு. 1000 ரூபாச் சம்பளம் வந்தபின் பல தோட்டங்களில் அந்த அளவு கூட்டப்பட்டதென்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது. இப்போது சில இடங்களில் ஒவ்வொரு பெண்ணின் இலக்கத்துக்கும் எதிரே ஒரு சலாகை. 18ஐத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. பார்ப்பதற்கு வெகு தெளிவு. ஆனால் அந்தத் தெளிவுக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது! ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்தில் பகலில் வெயிலும் இரவில் உறைபனியுமாக இருக்கும். கொழுந்து அரிதாகும், வளர்ச்சி நின்ற 'வங்கி' மொட்டு மிகுதியாகும். அதே பெண் அதே மலையில் பெப்ரவரியில் பன்னிரண்டு கிலோவுக்கு அல்லாடுவார். ஏப்ரல் மழைக்குப் பின்னர் இருபத்துநான்கை அநாயாசமாக எடுப்பார். பெப்ரவரியின் சிவப்பு அவருடைய சோம்பலையா சொல்கிறது? அண்மையில் கவ்வாத்து வெட்டிய மலை, அடுத்த ஆண்டு வெட்டப்போகும் மலை, நூறாண்டு நெருங்கிய விதைத் தேயிலை நிற்கும் செங்குத்தான மலை, தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டிஆர்ஐ 2025 போன்ற ரகக் கன்றுகள் நட்ட மலை, இவை அனைத்துக்கும் குறுக்கே ஒரே சிவப்புக் கோட்டை இழுப்பது என்ன பிரமாணம்?

நான் கேட்பது இரண்டு மாற்றங்கள்தாம். கோட்டை மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் வேறுபடுத்துங்கள். சென்ற ஆண்டு இதே மாதத்தில் இதே மலையில் வந்த சராசரியைச் சலாகையின் குறுக்கே ஒரு சிறு அடையாளமாக இடுங்கள். அடுத்ததாக, ஒவ்வொருவரையும் தனிச் சலாகையாக நிறுத்துவதற்குப் பதிலாக, அன்று அந்த மலையில் வேலை செய்த எல்லோரையும் ஒரே கோட்டின் மேல் புள்ளிகளாக வையுங்கள். நாற்பது புள்ளிகளில் முப்பத்தைந்து நோர்முக்குக் கீழே கிடந்தால், குறை மலையிலோ நோர்மிலோ இருக்கிறதேயொழிய அந்த முப்பத்தைந்து பேரிடம் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரேயொரு புள்ளி மட்டும் தனியே விலகிக் கிடந்தால், சிவப்புப் பூசுவதற்கு முன்னால், அந்த அம்மாவுக்குக் காய்ச்சலா, இடுப்பு வலியா, பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கங்காணி ஒரு வார்த்தை கேட்க வேண்டிய இடம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்த நான், கணிதம் மனிதருக்கு உபகாரமாவது இத்தகைய இடங்களில்தான் என்று மனமார நம்புகிறேன்.

கென்யாத் தொழிலாளி இத்தனை கிலோ எடுக்கிறார், நம்மவர் அதில் பாதிதான் என்று சம்பளப் பேச்சுவார்த்தை நேரங்களில் இரண்டு சலாகைகளை நிறுத்துவதும் உண்டு. செடியின் வயதையும், சரிவையும், கையால் கொய்வதா இயந்திரத்தால் வெட்டுவதா என்பதையும் அடிக்குறிப்பாகவேனும் சொல்லாத அந்தப் படத்துக்கு ஒப்பீடு என்ற பெயரைக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். அதுபோலவே நாட்டின் சனத்தொகையை வட்டமாக வரைந்து 'இந்தியத் தமிழர்' என்ற மெல்லிய துண்டைக் காட்டுவதும் குறைபட்ட காரியம். 1946இல் நாட்டு மக்களில் 11.7 சதவீதமாக இருந்தவர்கள் 1981இல் 5.5 சதவீதமானார்கள். வட்டம் அந்தந்த ஆண்டின் துண்டை மட்டும் காட்டும். விழுந்ததைக் கோடு காட்டும். அந்தக் கோட்டின் மேலும் 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் குறித்து வைத்தாலன்றி, ஏதோ இயற்கையாகத் தேய்ந்துபோன ஒரு ஜனக்கூட்டம் என்றே பிற்காலத்துப் பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள்.

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1750 ரூபாவாகும் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 1550 கம்பனிகள் தருவது. 200 அரசாங்கம் வரவுக்காகத் தருவது. இதை ஒரே வர்ணச் சலாகையாக வரையாதீர்கள். இரண்டு பையிலிருந்து வரும் காசுக்கு இரண்டு வர்ணம் வேண்டும். நாளைக்கு ஒரு பை மூடிக்கொண்டால் எது போயிற்று என்று தெரிய வேண்டும்.

லயத்தில் பிறந்து, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் படித்து, இன்று கொழும்பில் கணக்கியல் நிறுவனங்களிலும் கம்பனித் தலைமையகங்களிலும் திணைக்களங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கணினி முன் அமர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகள் இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தப் பலகைகளில் சிலவற்றை வரைபவர்களும் அவர்களே. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வரைந்து முடித்த படத்தைத் தலைமையகத்துக்கு அனுப்புமுன், ஒரு பிரதியைத் தாளில் எடுத்து, விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரியும். "இதுல எது எங்க சம்பளம்?" என்று அவர் கேட்டால், அன்று நான் சொன்ன பதிலைச் சொல்லிவிடாதீர்கள், படத்தைத் திருத்தி வரையுங்கள்.